செனானும் சுழுத்தியும்

பத்துக் கோடிப் பங்கு காற்றில் ஏறத்தாழ ஒன்பது பங்கே கலந்திருப்பதும், வேறு தனிமங்களோடு எளிதில் கூடாததுமான செனான் என்னும் மந்த வாயுவை, 1951ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் நோயாளிகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்தபோது, எதனோடும் எளிதில் உறவு கொள்ளாத அது மனிதப் பிரக்ஞையை மறைத்துவிட்டது. நரம்பணுக்களின் புரதத்திலுள்ள நுண்ணிய குழிவுகளில், இரசாயனப் பிணைப்பு ஏதுமின்றி அது சிறிது தங்கி, குளூட்டமேட் என்னும் பொருள் கொண்டுவரும் சமிக்ஞையைத் தடுக்கிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

பிரக்ஞை இவ்வாறு மறையும்போது அறிபவன் என்ன ஆகிறான் என்பது பழைய கேள்வி. ஆழ்ந்துறங்கி எழுந்தவன், "சுகமாய்த் தூங்கினேன், ஒன்றும் அறியேன்" என்று சொல்வதனாலேயே, சுழுத்தி என்னும் கனவற்ற உறக்கத்திலும் அதை அறியும் ஒரு சாட்சி இருந்திருக்க வேண்டும் என்று அத்வைத வேதாந்திகள் வாதிப்பார்கள். வேறொரு மருந்தினால் மயக்கப்பட்டு நான் சத்திர சிகிச்சைக்கு உட்பட்ட நாளில், முகமூடியின் ரப்பர் வாசனையோடு ஏழு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அடுத்த கணம் தாதி என் தோளைத் தொட்டு அழைத்தாள். இடையே கழிந்த இரண்டு மணி நேரத்தைச் சுகம் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை.

ஆகவே சாட்சி இல்லையென்று முடிவு செய்யலாமா? கூடாது என்றே கருதுகிறேன்; மயக்க மருந்து நினைவு பதிவதையும் தடுக்குமாதலால், நினைவின்மை சாட்சியின்மைக்குப் பிரமாணமாகாது. ஆனால் நினைவை ஆதாரமாகக் கொண்ட அப்பழைய வாதமும் இவ்விடத்தில் ஊன்றி நிற்க இயலாமற் போகிறது என்பதை வேதாந்தத்தில் பற்றுடைய நானே வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். உள்ளே சென்ற செனானோ, சிறிதும் மாறாமல் மூச்சுக் காற்றோடு வெளியேறிவிடுகிறது; சில நிமிஷங்களில் நோயாளி தன் பெயரைக் கேட்டுக் கண் திறக்கிறான்.