இறுக்கவொண்ணாக் கடனும் முதியோர் அறமும்

கடன் என்னும் சொல் நம் மொழியிலே இருபொருள் பயப்பது. பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுத்தற்குரிய பொருளும் கடன். ஒருவர் தவறாது செய்தற்குரிய முறைமையும் கடன். இவ்விரண்டும் ஒருவழிப்படும்வரை ஐயத்துக்கு இடமில்லை. அவை தம்முள் முரணுங்கால் எதனைக் கொள்வது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலுள்ள வவுணதீவுப் பகுதியை நோக்குவோம். வயலும் கால்நடையும் வாவிமீனும் இங்குள்ளோர்க்குப் பெரும்பான்மையும் சீவனோபாயம். 2007 ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்து மீண்டோர் பலர். 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்து வெள்ளமோ பயிரைக் கொண்டுபோயிற்று. 2012 முதல் இந்திய அரசின் வீட்டுத்திட்டம் வடக்கு கிழக்கில் புதுவீடு ஒன்றுக்கு 550,000 ரூபா வீதம் உதவிற்று. அவ்வுதவி பெற்றோருள்ளும், பெறாதோருள்ளும், கூரையும் கதவும் முற்றுவித்தற்குக் கடன்கொண்டோர் உளர். அன்று உழைக்கும் வயதினராய் இருந்தோர் இன்று முதியோர். ஆள் தளர்ந்தாலும் தவணை தளர்வதில்லை.

இத்தகைய முதியவர் ஒருவர், “இனி இறுக்க என்னால் இயலாது, ஈடுவைத்த வீட்டைக் கொடுத்தவரிடமே விட்டு நீங்கலாமா? அது பாவமன்றோ?” என்று தம் ஊர்ச் சைவாசிரியரை வினவுவாராயின், யாது விடை கூறுவது?

“அமர்நீதி நாயனார் அடைக்கலமாக ஏற்ற கோவணம் காணாமற்போகவே, உள்ள பொருளெல்லாம் தராசிலிட்டும் நிறை ஒவ்வாமையால், மனைவியோடும் மைந்தனோடும் தாமும் தட்டில் ஏறினாரே, அவர் வழிவந்த நாம் உயிர் உள்ளளவும் இறுக்க வேண்டாவோ?” எனின், கூறுதும். நாயனார் ஏற்றது அடைக்கலப் பொருள். வட்டிக்குக் கொண்ட கடனன்று. அவர் எதிரே நின்றவர் அடியாரை ஆட்கொள்ள வந்த இறைவர். இலாபம் நாடும் கொம்பனியாரல்லர். அவர்பால் நாம் கற்கவேண்டுவது ஒன்றையும் ஒளியாமை. தமக்கு உள்ளதனைத்தையும் பலர் காண வைத்தார் என்பதே அச்சரிதத்தின் உயிர். மனைவி மக்களை விலைப்படுத்துக என்பது அதன் பொருளன்று. தவணைப் பணத்துக்காகப் பேத்தியைப் பள்ளியினின்று நிறுத்தி வேலைக்கு அனுப்புவது அறமாகாது. வெறுமையாகும் அவ்விருக்கையை முதலிற் காண்பவர் ஆசிரியரே.

வினையின் இயல்பும் இதுவே. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை ஈட்டப்படும் என்பது சித்தாந்தம். பொருள் இருக்கவும் இல்லையென்பவரும், கொடுக்கும் எண்ணமின்றியே பெற்றவரும் வஞ்சித்தோராவர். இறுக்கும் கருத்தோடு பெற்று, முதுமையாலும் பிணியாலும் விளைச்சல் கெட்டமையாலும் இயலாதவர் வறியரேயன்றி வஞ்சகரல்லர். இவ்விருவரையும் ஒருதட்டில் நிறுத்தல் நீதியன்று.

இனி, கொடுத்தவர்க்கும் ஒரு கடன் உண்டு. திருவெண்ணெய்நல்லூரிலே சுந்தரரை அடிமை என்று வழக்கிட்ட இறைவர், மூலவோலையைச் சபையார் முன் காட்டி, பாட்டனார் கையெழுத்தோடு ஒப்புநோக்கச் செய்தன்றோ தம் வழக்கை மெய்ப்பித்தார்! ஆகலின், கணக்கைக் காட்டுக எனக் கேட்பது மரியாதைக் குறைவன்று; கடன்பட்டவரின் உரிமை. ஒருமுறையிற் கொள்ளும் வட்டி முதலை விஞ்சலாகாது என மனுநூலும் வரையறை செய்தது. அவ்வரையறை மறக்கப்பட்டமையாலே நுண்கடன் துயர் பெருகிற்று. வறட்சியால் தாக்குண்ட மாவட்டங்களிலே, 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனைப் பெற்று இறுக்க இயலாதிருந்த பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாக இலங்கை அரசு 2018 இல் அறிவித்தது. அவ்வரசுதானும் 2022 ஏப்ரல் 12 இல் தன் வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாதென உலகறியக் கூறி, பின்னர்க் கொடுத்தோருடன் இணக்கம் பேசிற்று. ஓர் அரசுக்கு நாணமின்றி அமைந்த வழி, வயது முதிர்ந்த ஏழைக்கு மட்டும் பழியாவது எங்ஙனம்?

ஆயினும் விட்டு நீங்குதல் வேறு, ஓடி ஒளிதல் வேறு. இறுக்கமுடியாவிடின் ஈட்டை எடுத்துக்கொள்க என்பது உடன்படிக்கையிலேயே அடங்கியிருத்தலின், வீட்டைக் கொடுத்தல் சொல் பிறழ்தலன்று. எனினும் மூன்று காரியங்களை முன்னே செய்தல் வேண்டும். முதலாவது, பிணைநின்றோர்க்கு உண்மையைக் கூறுதல். குழுக்கடனாயின் ஒருத்தி விட்ட தவணை அயல்வீட்டுப் பெண்கள் தலையில் விழும். வங்கிக்கடனாயின் பிணையாளர் ஓர் ஆசிரியராகவே இருத்தல் கூடும். தம் சுமையை அறியாதார்மீது இறக்கிவைத்தல் பாவம். இரண்டாவது, கொடுத்தவரிடம் நேரிற்சென்று வட்டிக்குறைப்பும் தவணை நீட்டிப்பும் எழுத்திற் கேட்டல். மூன்றாவது, சட்டமறிந்தாரை வினவுதல். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, குடியிருக்கும் வீட்டை வாங்குதற்குப் பெற்ற கடனாயின், வீடு விலைப்பட்டபின் எஞ்சியதைப் பெரும்பாலும் கோரவியலாது. இலங்கையிலோ, வீடு ஏலம்போயினும் எஞ்சிய கடன் தானே அழிவதில்லை. வீட்டைக் கொடுத்தால் எல்லாம் தீர்ந்தது என எண்ணி இருத்தலாகாது.

இவற்றைச் செய்தபின் வீட்டை விட்டு மகன்மனையிலோ மகள்மனையிலோ ஓர் அறையில் ஒதுங்கும் முதியவர் மானமிழந்தாரல்லர். மானம் சுவரிலும் ஓட்டிலும் இல்லை, வாய்மையில் உள்ளது. அவரைக் கோயில் வீதியிற் காணும் ஊரார் ஏளனமாக நோக்குவாராயின் பாவம் நோக்குவோர்க்கே. கடன் நெருக்கியபோது உயிரை மாய்த்துக்கொண்டோரின் செய்திகளை நாம் கேட்டிருக்கின்றோம். அவர்களைக் கொன்றது கடன் மட்டுமன்று, நாணமும் ஆம். சிவன் தந்த இவ்வுடல் எவரிடமும் ஈடுவைக்கப்பட்டதன்று.

ஆசிரிய அன்பர்களே! அமர்நீதியார் சரிதத்தைக் கற்பிக்குங்கால், தட்டில் ஏறிய தியாகத்தோடு ஒன்றையும் ஒளியாத நேர்மையையும் மாணாக்கர்க்கு எடுத்துரைமின். கடன்பத்திரம் கையிலேந்தி வரும் முதியவர்க்கு அதனை வாசித்துப் பொருள் சொல்லுமின், கணக்குக் கேட்கும் கடிதத்தை எழுதிக்கொடுமின், வேண்டின் உடன்செல்லுமின். பொருட்கடனை இறுக்க இயலாதார்க்கு எழுத்தறிந்தார் செய்தற்குரிய கடன் இதுவேயாம்.

சிவம்.