கவாத்துக்கு முன்

தேயிலை பூக்கும் என்பது கேமரன் மலைக்குச் சுற்றுலா வரும் பலருக்குத் தெரியாது. லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே பத்து வயசில்தான் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யாரும் வெட்டாமல் விட்ட ஒரு செடி கூரையைத் தாண்டி வளர்ந்து நின்றது. வெள்ளை இதழ்கள், நடுவில் கொத்தாக மஞ்சள். "இது என்ன மரம்பா?" என்று கேட்டேன். "தேயிலைதான்டா. சும்மா விட்டா இப்படித்தான்" என்றார் அப்பா.

சும்மா விட்டா இப்படித்தான். நாம் போய் நின்று படம் பிடிக்கும் இடுப்புயரப் பச்சை முழுக்கச் சும்மா விடப்படாத மரங்கள்.

இதன் பின்னால் உள்ள வேலை எளிமையானது. நுனிக் கொழுந்து தன்னிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற சுரப்பால் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியைக் கிள்ளினால் அந்தப் பிடி விட்டுப்போகும். பக்கத்து மொட்டுகள் எழும்பும். சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிள்ளிக்கொண்டே இருந்தால், செடி பூப்பதை விட்டுவிட்டு இலைவிடுவதிலேயே காலம் தள்ளும். அப்படியும் வளர்ந்து கைக்கு எட்டாமல் போகும் என்பதால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கவாத்து. அப்போது மலைச்சரிவில் வெறும் குச்சிகள்தான் நிற்கும். சின்ன வயசில் அந்தப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்காது.

சில வருடங்களுக்கு முன், என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த நண்பன் ஒருவன் தாய்லாந்தில் ஒரு பசுமைக்குடிலுக்குச் சென்சார் பொருத்தப் போயிருந்தான். கஞ்சா வளர்க்கும் குடில். அங்கே 2022 ஜூனில் அதைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். (நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. 200 கிராம் கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிக்கும் சட்டம் அது. ஆகவே யாரும் இதைச் செய்முறை விளக்கமாக வாசிக்க வேண்டாம்.) அங்கே வேலை செய்பவர்களுக்குள் ஒரு சண்டையாம்: பூக்கும் நேரத்தில் இலையைக் கிள்ளலாமா, கூடாதா? கிள்ளினால் கீழே இருக்கும் பூவுக்கு வெளிச்சம் போகும், காற்று புகும், பூஞ்சை வராது என்பது ஒரு கட்சி. இலைதான் செடியின் அடுப்பு, அடுப்பை இடித்துவிட்டு விருந்து கேட்காதே என்பது இன்னொரு கட்சி. "நீங்கதான் பரம்பரை பரம்பரையா இலை கிள்ளுறவங்களாச்சே, சொல்லு" என்று எனக்குக் குரல் செய்தி அனுப்பினான்.

அந்த ரகத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். வழக்கமான கஞ்சாச் செடி இரவு நீளும்போதுதான் பூக்கும். வளர்ப்பவர் நினைத்தால் அதன் வளரும் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். இவர்கள் வைத்திருந்தது தானாகப் பூக்கும் ரகம். ருடராலிஸ் என்ற குளிர்நாட்டு வகையின் கலப்பு. அது வெளிச்சத்தைப் பார்க்காது, தன் வயசைத்தான் பார்க்கும். மூன்று நான்கு வாரத்தில் பூக்கத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் வாழ்க்கையே முடிந்துவிடும். காயம் ஆறட்டும் என்று அந்தக் கடிகாரம் நிற்காது.

"தேயிலைக்கு நேரம் இருக்குடா. கிள்ளினா திரும்ப விடும். இதுக்கு நேரம் இல்ல. முடிஞ்சவரைக்கும் கை வைக்காதீங்க" என்று பதில் அனுப்பினேன். சரியான பதில்தான். அனுப்பிய பிறகு அக்கா ஞாபகம் வந்தது.

அக்கா என்னைவிட எட்டு வயசு மூத்தவள். 2004இல் அவள் மூன்றாம் படிவம், நான் முதலாம் ஆண்டு. அப்பாவின் முதுகு போன வருடமும் அதுதான். பி.எம்.ஆர். முடித்ததும் அவளை நிறுத்தினார்கள். "பொண்ணு நிக்கட்டும், சின்னவன் படிக்கட்டும்" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. சொன்னது அம்மாவா பாட்டியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. பக்கத்துச் செவ்வந்தித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு தண்டில் ஒரே பெரிய பூ வர வேண்டும் என்பதற்காகப் பக்க மொட்டுகளைக் கிள்ளிப் போடும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் என் புத்தகம், பஸ் காசு, பிறகு ஈப்போவில் டியூஷன்.

இதை நியாயப்படுத்த எங்கள் வீட்டில் எப்போதும் மரத்தைத்தான் துணைக்கு அழைப்பார்கள். குடும்பம் ஒரு மரம், ஒரு கிளை தழைத்தால் எல்லாருக்கும் நிழல். தோட்டக்காரர்களின் பேச்சில் இப்படித்தான் உவமை வரும், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உவமை ஓர் இடத்தில் பொய் சொல்கிறது. தேயிலையில் கிள்ளப்படும் கொழுந்துக்கும் அடுத்து எழும் துளிருக்கும் வேர் ஒன்றுதான். போனதும் வந்ததும் ஒரே செடியின் கணக்கு. அக்காவுக்குத் தனி வேர். அவளிடமிருந்து போனது என் கணக்கில் வந்து சேர்ந்தது. 'குடும்பம்' என்ற சொல்லைப் போட்டுவிட்டால் இரண்டு கணக்கு ஒன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் நம் ஆட்கள் செய்த வேலையை இன்று வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் செய்கிறார்கள். கையால் கிள்ளுவது குறைந்து, இருவர் தூக்கிப் பிடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அவர்களிலும் எத்தனையோ பேர் எங்கோ ஒரு வீட்டின் சின்னவனுக்காக நிறுத்தப்பட்டவர்கள்தான்.

கவாத்தைப் பற்றிப் படித்தபோது இரண்டு விஷயங்கள் என்னை உறுத்தின. ஒன்று, வெட்டுவதற்கு முன் வேரைச் சோதிப்பது. வேரை நறுக்கி அயோடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் ஏறாவிட்டால் கொஞ்ச காலம் கிள்ளாமல் ஓய்வு கொடுக்க வேண்டும். இலையே இல்லாமல் மறுபடி துளிர்க்க அந்தச் சேமிப்புதான் கதி. இரண்டாவது, எல்லாவற்றையும் வெட்டும்போது ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவைக்கும் முறை. நுரையீரல் கவாத்து என்று பெயர். புதுத் துளிர் வரும்வரை செடி அந்தக் கிளையால் மூச்சு விடும். துளிர் வந்து தழைத்ததும் அதையும் வெட்டிவிடுவார்கள்.

நான் பட்டம் வாங்கிய வருடம் எங்கள் வீட்டில் அக்காவை யாரும் பெரிதாகக் கவனித்ததாக ஞாபகமில்லை.

போன தீபாவளிக்குப் பிரிஞ்சாங்கில் அவள் வீட்டுக்குப் போனபோது கேட்டேவிட்டேன். "அப்ப உன்ன யாராச்சும் கேட்டாங்களாக்கா?"

முறுக்குப் பிழிந்துகொண்டே, "எத?" என்றாள்.

"படிப்ப நிறுத்தினத."

"யாரு கேட்டா? ஆனா கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். அப்படித்தானே வளத்தாங்க. அதான்டா எனக்குக் கோவமே."

சம்மதம் இருந்தால் தியாகம், இல்லாவிட்டால் அநியாயம் என்று நான் நினைத்துவைத்திருந்த கோடு அந்த இடத்தில் அழிந்துபோனது. சரி என்று சொல்வதற்காகவே வளர்க்கப்பட்ட ஒருத்தியிடம் கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? கேட்காமல் இருந்ததற்கும் அது சாக்காகாது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் வரவில்லை.

அவள் மகளுக்கு இப்போது பதினைந்து வயசு. மூன்றாம் படிவம். அவள் எங்கே சேர்ந்து என்ன படித்தாலும் செலவு என்னுடையது என்றேன்.

அக்கா முறுக்கு அச்சைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கடன் அடைக்கிறியா?"

ஆமாம் என்றால் அசிங்கம். இல்லை என்றால் பொய். நான் பேசாமல் இருந்தேன். அவள் எழுந்து போய்த் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தாள். பால் கெட்டியாக, சீனி தூக்கலாக, ஏழு வயசில் நான் குடித்த மாதிரியே.

"அவகிட்ட கேளு" என்றாள். "என்கிட்ட கேக்காத."