தேறுவது யார் செயல்?

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் ஒரு கணம் ஒற்றைக்காலில் நிற்கிறது. அப்போது இடுப்பெலும்பு சரியாமல் இழுத்துப் பிடிப்பவை புட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள். அவற்றின் இழுவிசையும் சேர்வதால் இடுப்பு மூட்டின்மேல் விழும் சுமை உடல் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அந்தத் தசைகள் தளர்ந்தால் எதிர்ப்பக்க இடுப்பு கீழே இறங்கிவிடும். பிரெட்ரிக் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895இல் விவரித்த இந்த அடையாளத்தை இன்றும் பிசியோதெரபிஸ்டுகள் நோயாளியை ஒற்றைக்காலில் நிறுத்தித்தான் பார்க்கிறார்கள்.

கொல்லிமலையில் ஆகாயகங்கைப் படிகளில் வழுக்கி இடுப்பில் அடிபட்ட ஒருவர் துவாக்குடியில் தேறிவருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். "நீங்க செஞ்சாத்தான் சரியாகும்" என்பார் பயிற்சி தருபவர். "எல்லாம் அவன் செயல்" என்பார் பார்க்கவந்த உறவினர். இரண்டுக்கும் தலையாட்டுவது எளிது. இரண்டும் எப்படிச் சேரும் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி ஸ்ரீரங்கத்து வைணவத்துக்குப் பழையது. உயிர் இறைவனை அடைவதில் அதன் பங்கு என்ன என்பதில் பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரும் வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாரும் வேறுபட்டனர். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது. முன்னதை வடகலைக்கும் பின்னதைத் தென்கலைக்கும் உவமையாகச் சொல்வது வழக்கம்.

சிகிச்சையில் இரண்டு குட்டிகளும் உண்டு. தொடக்கத்தில் நோயாளி படுத்திருக்க, இன்னொருவர் கை அவர் காலைத் தூக்கும், மடக்கும், நீட்டும். "விடுங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்றாலும் கால் விறைத்துக்கொண்டே இருக்கும். வலிக்கு அஞ்சிய தசை தானாகவே இறுகுகிறது. அதைத் தளரவிடப் பல நாள் பழக வேண்டியிருக்கிறது. பூனைக்குட்டியாக இருப்பதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கலாம். பிறகு குரங்குக்குட்டியின் முறை: ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது, முழங்காலுக்குமேல் ரப்பர் பட்டை கட்டிப் பக்கவாட்டில் அடிவைப்பது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பது. ஆனால் குட்டி பற்றிக்கொண்டாலும் கிளைவிட்டுக் கிளை தாவுவது தாய்தான். பயிற்சி தசைக்கும் எலும்புக்கும் அளவான சுமையைத் தருகிறது, அவ்வளவே. சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் என்று ஜூலியஸ் வுல்ஃப் 1892இல் எழுதினார். அந்த வேலை நடக்கும்போது நோயாளி தூங்கிக்கொண்டிருக்கவும் கூடும். "நானே சரிசெய்துகொண்டேன்" என்பது கொஞ்சம் கூடுதலான உரிமைகோரல்.

உவமையை இதற்குமேல் நீட்டக் கூடாது. ஆசாரியர்கள் பேசியது மோட்சத்தைப் பற்றி. சரணடைந்தவரும் தொடங்கிவிட்ட வினையை, அதாவது பிராரப்தத்தை, உடல் உள்ளவரை நுகர்ந்தே தீர்க்க வேண்டும் என்பது பொதுக்கொள்கை. சரணாகதி செய்தால் இடுப்பு நேராகும் என்று எந்தக் கலையும் வாக்களிக்கவில்லை.

துவாக்குடிக்கு அருகில் உள்ள திருநெடுங்களத்தில் சம்பந்தர் பாடியது இடர் களையும் பதிகம் என்றே பெயர்பெற்றது. துன்பத்தில் இருப்பவர்கள் அதைத் தமக்காக ஓதுகிறார்கள். பதிகமோ அடியார்களின் இடரைக் களையச் சொல்லிக் கேட்கிறது. தன் வலிக்காக ஓதுபவர் தெரிந்தோ தெரியாமலோ பிறருக்காகவும் கேட்டுவிடுகிறார்.

மலைநடையில் உடலை இழந்தவர்களில் தமிழ் மரபு மறக்காதவர் திருநாவுக்கரசர். பெரியபுராணத்தின்படி கயிலைக்குப் போகும் வழியில் அவர் பாதங்கள் தேய்ந்தன. கைகளால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், பின்பு புரண்டார். மனிதரால் ஆகாது, திரும்பிப் போ என்று ஒரு முனிவர் சொல்லியும் கேட்கவில்லை. இறைவன் எழுந்திரு என்றதும் ஊறு நீங்கிய உடலோடு எழுந்தார். அந்த உடலோடு அவர் மேலே ஏறியிருக்கலாம். கதை அப்படிப் போகவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கயிலைக் காட்சி அங்கேதான் கிடைத்தது. அவருடைய முயற்சியைச் சேக்கிழார் எங்கும் இகழவில்லை. ஆனால் தேறிய உடல் சிகரத்துக்கு எனத் தரப்படவில்லை, ஊருக்குத் திரும்பத் தரப்பட்டது. மலையேறுபவர்களுக்கு இது எளிதில் பிடிக்காது.

தேறியதும் உச்சிப்பிள்ளையாரிடம் ஏறுவதாக நேர்ந்துகொண்டவருக்கும் உச்சிவரை போயே ஆக வேண்டுமா என்ற இதே சிக்கல்தான். திருச்சி மலைக்கோட்டையில் நானூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன; அடிவாரத்திலேயே மாணிக்க விநாயகர் சன்னதியும் இருக்கிறது. முடியாதவர்கள் அங்கே கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். ஏறத் தொடங்குபவருக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் முறை இது: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அடிபட்ட கால் முன்னே, கைத்தடி அடிபடாத பக்கத்துக் கையில்.