நோயாளர்க்கு உண்மையை மறைத்தல் அருளாமோ?

புற்றுநோயுற்றாரிடத்து அந்நோயின் பெயரைச் சொல்லலாகாதென்பது நம்மவர் இல்லங்களிற் பெரும்பாலும் எழுதாச் சட்டமாய் நிலவுகின்றது. வைத்தியர் கூறியதை மக்களும் மருமக்களும் புறத்தே கூடிப் பேசுவர். உள்ளே நோயாளர் இருமினாற் பேச்சு நின்றுவிடும். "வயிற்றிற் சிறு புண், ஆறிவிடும்" என்பர். இங்ஙனம் மறைப்பது அன்பின் செயலென்றே அவர் கருதுகின்றனர். அது சித்தாந்தத் துணிபுக்கு ஒக்குமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சிவதீக்கை பெற்று நாற்பதாண்டு ஆன்மார்த்த பூசை வழுவாதியற்றிய முதியவரொருவரை யாம் அறிவேம். ஈரலிற் புற்று. மூன்று திங்களும் "அடுத்த மாதம் நலமாகும்" என்றே அவர்க்குச் சொல்லப்பட்டது. தாம் பூசித்த மூர்த்தியை எவரிடம் ஒப்புவிப்பது, மக்களுள் யார் தீக்கை பெற்று அப்பூசையை ஏற்பது என்பவற்றைச் சொல்லுதற்கு அவர்க்குக் காலமிருந்தது. அக்காலம் இதுவேயென்று அறிவிப்பார் இலர். இறுதி வாரத்தில் நினைவு தப்பிற்று. பூசைப்பெட்டி இன்றும் திறவாதேயிருக்கின்றது. மக்கள் தீயரல்லர், அழுதழுதே மறைத்தனர்.

"இறைவன் ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்றன்றோ? திரோதானமும் அருளேயாதலின், யாம் மறைப்பதும் அருளாகாதோ?" என்று அன்பரொருவர் எம்மொடு வழக்கிட்டார். நல்ல தடையே. ஆயின், இறைவன் மறைப்பது உயிரை அறியாமையில் நிறுத்தற்பொருட்டன்று. வினையை நுகர்வித்து, மலத்தைப் பரிபாகப்படுத்தி, பின்னர் அறிவித்தற்பொருட்டாம். அவன் மறைத்தல் அருளலிற் சென்று முடியும். நம் மறைப்பு எதிற் சென்று முடியும்? அன்றியும், அவன் உயிரின் பக்குவத்தை முற்றும் உணர்ந்து மறைக்கின்றான். நாமோ நோயாளரை ஒரு வார்த்தையும் வினவாமலே, அவர் தாங்காரென்று துணிகின்றோம். உள்ளவாறு நோக்கின் தாங்கமாட்டாதார் நாமே. அவர் அழுங்கால் அருகிருக்க அஞ்சுகின்றோம். அவ்வச்சத்திற்குத் திரோதானமெனப் பெயரிடுதல் பொருந்தாது.

உயிர் அறிவித்தால் அறியும் இயல்பிற்றென்பது நம் கொள்கை. நோயாளர்க்கு உடம்பு தானே பாதியை அறிவித்துவிடுகின்றது. மெலிவும் நோவும் பொய் சொல்லா. எஞ்சிய பாதியை அறிவிப்பார் இல்லாதவழி, அதனை அச்சமே நிரப்புகின்றது. அவ்வச்சத்தை அவர் தனியே சுமக்கின்றார். மறைப்பார் மறைப்பதை அறிந்து, அறியார்போல நடிக்குஞ் சுமையும் அவர்மேலதாகின்றது.

அற்றேல், கண்டவுடன் முழுதுஞ் சொல்லிவிடுக என்பதோ எனின், அன்று. சத்திநிபாதம் நால்வகைப்படுதலின் ஆசிரியரும் மாணாக்கன் நிலை நோக்கியே உபதேசிப்பர். மேல்நாட்டு வைத்தியர் இவ்விடத்திற்கு மெல்லவே வந்தனர். 1961இல் வெளியான ஓராய்வில், சிக்காகோ நகரில் வினவப்பெற்ற வைத்தியருள் 90 விழுக்காட்டினர் புற்றுநோயைச் சொல்லாது விடுதலையே விரும்பினர். 1979இல் வெளியான மற்றோராய்விற் சொல்லுதலை விரும்பினார் 97 விழுக்காட்டினர். ஒரு தலைமுறைக்குள் இத்துணை மாற்றம்! 2000இல் வெளிவந்த ஆறுபடி முறையொன்று, நோயாளர் தம் நிலையைப்பற்றி யாதறிவார் என்பதை முதலில் வினவுக, எத்துணை அறிய விரும்புகின்றார் என்பதைப் பின் வினவுக, அதன்மேலே சொல்லுக என்கின்றது. இன்று வேண்டாமென்பாரை வற்புறுத்தலாகாது. நாளை மீட்டும் வினவலாம்.

சூலைநோயுற்றுத் திருவதிகையில் தம் அடிவீழ்ந்த தம்பியார்க்குத் திலகவதியார் உண்மையை மறைத்தாரல்லர். அவர் உற்ற நிலையை இன்னதென்று கூறினார். கூறிய வாயாலேயே எழுகவென்றும் பணித்தார். பின் ஐந்தெழுத்தோதித் திருநீறு தந்தார். உண்மையும் கையும் ஒருங்கே நீட்டப்பட்டன. உண்மையை மட்டும் எறிந்துவிட்டு அகல்வாரும் உளர். அவரை யாம் புகழ்கின்றிலேம். "முன்வினை, நுகர்ந்தே தீரவேண்டும்" என்று நோயாளர் முகத்துக்கெதிரே சொல்வாரும் அத்தகையரே. பிராரத்தம் தன்னைக்குறித்துத் தான் சிந்தித்தற்குரிய பொருள். பிறர் படுக்கையருகே நின்று படிக்கும் தீர்ப்பன்று.

இன்னுமொன்று சொல்லற்பாலது. புற்றுக்குரிய கடுமருந்து ஏற்றப்பெற்றார் சிலர்க்கு நினைவு மங்குதலும், ஒன்றில் மனம் நிலையாமையும் உண்டாகின்றன. சிலர்க்கு மருந்து நின்ற பின்னரும் பன்மாதம் நீடிக்கும். இதனை முன்னரே அறிவியாமையால் உண்டாகும் துன்பம் பெரிது. அம்மையாரொருவர், செபத்தில் எண் தப்புகின்றது, பாடமான பதிகம் பாதியில் நின்றுவிடுகின்றது, பெருமான் தம்மைக் கைவிட்டானோவென்று கலங்கினார். மருந்தின் செயலென்று அவர்க்கு யாரும் சொல்லவில்லை. அந்தக்கரணங்கள் உயிருக்குக் கருவியேயன்றி உயிரல்லவென்று சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்தில் நிறுவுதலை நாம் மேடையில் விரித்துரைக்கின்றோம். அது வேண்டப்பட்ட இடம் அவ்வம்மையாரின் கட்டிலருகு. பின்னர் அவர் மகள், வைத்தியர் சொல்வனவற்றை ஒரு தாளில் எழுதித் தலைமாட்டில் வைத்தாள். மாலைதோறும் அருகிருந்து ஐந்தெழுத்தைத் தாயுடன் வாய்விட்டு ஓதினாள்; எண்ணிக்கையைத் தன் விரலில் வைத்துக்கொண்டாள்.