பார்க்கிறவர்களுக்கு யார் கீதை சொல்வது?

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் நடுவில், அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் ஓர் ஆட்டம்கூட நடந்திராத நேரத்தில், அசோசியேட்டட் பிரஸ் ஒரு பட்டியலை வெளியிடும். சுமார் முப்பது விளையாட்டுச் செய்தியாளர்கள் ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24, இப்படியே இறங்கிக் கடைசி அணிக்கு 1. கூட்டிப் பார்த்தால் அடுத்த ஏப்ரலில் கோப்பை யாருக்கு என்பதற்கு ஒரு விடை வந்துவிடும். போன வருடம் யார் படிப்பு முடித்துப் போனார்கள், யார் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்திருக்கிறார்கள், எந்தப் பள்ளிப் பெண் எங்கே சேர்ந்திருக்கிறாள் என்பதையெல்லாம் கட்டம் போட்டுக் கணிக்கிற ஜாதகம் அது.

திருச்சியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்றபின், தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த ஆட்டத்திலிருந்து தப்பிக்க முடியாது. பல்கலைக்கழக அணி ஆடும் அரங்கில் 18,000 பேர் உட்காரலாம். பெண்கள் ஆட்டத்துக்கு நாட்டிலேயே அதிகக் கூட்டம் பல ஆண்டுகளாக இங்கேதான். மகளும் மருமகனும் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார்கள். பேரனுக்குச் சளி பிடித்தால் அந்த இருக்கை எனக்கு.

போயித்தியஸ் என்ற ரோமானியரை என் மாணவிகளுக்குப் பிடிக்கும். ஆறாம் நூற்றாண்டில், மன்னன் தியோடரிக்கின் சிறையில் சாவுக்குக் காத்திருந்தபடி நூல் எழுதியவர் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். நடக்கப்போவது அத்தனையும் கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால் மனிதர் செய்வதில் அவருடையது என்று என்ன மிச்சம்? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். "அப்போ என் ரிசல்ட் சாமிக்கு இப்பவே தெரியுமா மேடம்? தெரியும்னா நான் எதுக்குப் படிக்கணும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து தவறாமல் ஒரு குரல் வரும். போயித்தியஸின் பதில் இது: கடவுளுக்கு நேற்று, நாளை என்பதெல்லாம் கிடையாது, எல்லாக் காலமும் ஒரே பார்வையில் இருக்கிறது. ஒருவர் தெருவில் நடப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பார்வையா அவரை நடக்க வைக்கிறது? கடவுளின் அறிவும் அப்படித்தான். அறியும், ஆனால் தள்ளாது.

அக்டோபர் பட்டியல் இதற்கு நேர் தலைகீழ். அந்த முப்பது பேருக்கும் எதுவும் தெரியாது, தெரியவும் வழியில்லை. ஆனால் அவர்கள் எழுதியது தள்ளுகிறது. கோப்பையைத் தீர்மானிக்கும் மார்ச் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு வேறு அளவுகோல்கள் இருக்கின்றன, இந்தப் பட்டியல் அதில் சேராது என்பார்கள். இருக்கட்டும். நான் சொல்லும் தள்ளல் வேறிடத்தில் நடக்கிறது: தோல்வி என்று எதைச் சொல்வது என்பதை அது ஐந்து மாதம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

எங்கள் ஊர் அணியையே பாருங்கள். 2021 அக்டோபரில் முதலிடம். 2022 ஏப்ரலில் மினியாபொலிஸில் கனெக்டிகட்டை 64-49 என்று வென்று கோப்பை வாங்கினார்கள். சொன்னது நடந்தது, எல்லோருக்கும் நிம்மதி. மகிழ்ச்சி என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் ஊரில் தெரிந்தது நிம்மதிதான். அடுத்த அக்டோபரிலும் முதலிடம். அந்த சீசனில் தொடர்ந்து 36 ஆட்டங்கள் வென்றார்கள். முந்தைய ஆண்டின் கடைசி ஆட்டங்களையும் சேர்த்தால் 42. பிறகு 2023 மார்ச் 31 அன்று டாலஸில் அரையிறுதி, எதிரில் ஐயோவா. அந்த அணியின் கெயிட்லின் கிளார்க் தனியாளாக 41 புள்ளி எடுத்தார். 77-73 என்று ஆட்டம் கைவிட்டுப் போனது.

அந்த ஆட்டத்தில் ஒரு கணம். எங்கள் அணியின் ரேவன் ஜான்சன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்துடன் நிற்கிறார். அவரைத் தடுக்க வேண்டிய கிளார்க் கிட்டே வரவில்லை. வேண்டாம் போ என்பதுபோலக் கையை வீசிவிட்டு உள்ளே போய்விட்டார். "நீ எறி, விழாது" என்று பொருள். ஆட்ட உத்தி என்று பார்த்தால் அதில் தப்பில்லை. எறிவதில் குறைவானவரை விட்டுவிட்டு மற்றவர்களை மறிப்பது எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்தக் காட்சியைத் துண்டாக வெட்டி உலகம் முழுக்கச் சுற்றவிட்டார்கள். கூடைப்பந்தையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக ஜான்சனே பின்னர் சொன்னார். அது முப்பது பேர் எழுதிய கணிப்பு அல்ல, ஒருவர் கையசைவில் சொன்னது. அதற்கே இருபது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு கனம்.

அந்த வாரக் கடைசியில் கோப்பை ஐயோவாவுக்கும் கிடைக்கவில்லை. லூசியானா ஸ்டேட் 102-85 என்று அவர்களை வென்றது. அக்டோபரில் 16ஆம் இடத்தில் இருந்த அணி அது. ஐயோவா நான்காம் இடத்தில் இருந்தது. ஆக, இரண்டு அணிகள் கோப்பை இல்லாமல் ஊர் திரும்பின. ஒன்றை ஊரே கொண்டாடியது. இன்னொன்றின் ஊரில், என் தெருவில், துக்க வீடு போல இருந்தது. 36 வெற்றிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆடுகளத்தில் நடந்ததில் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடினேன். அரையிறுதிக்கும் இறுதிக்கும் உள்ள இடைவெளி இதற்குப் போதாது. அக்டோபரில் அச்சான இரண்டு எண்கள்தான் காரணம்.

அடுத்த ஆண்டுக் கதை இன்னும் வேடிக்கை. எங்கள் தொடக்க அணியின் ஐந்து பேரும் போய்விட்டார்கள், அதனால் பட்டியலில் ஆறாமிடம். முதலிடம் லூசியானா ஸ்டேட்டுக்கு. அவர்கள் முதல் ஆட்டத்திலேயே கொலராடோவிடம் 92-78 என்று தோற்றார்கள். எங்கள் பெண்கள் 38 ஆட்டம் ஆடி 38ம் வென்றார்கள். இறுதியில் அதே ஐயோவா, 87-75. ஜான்சனுக்கும் ஒரு கணக்குத் தீர்ந்தது.

"எதிர்பார்ப்பு இல்லை, அதான் பாரமில்லாம ஆடினாங்க அத்தை" என்றார் மருமகன். ஊரும் அதையேதான் சொன்னது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மார்ச்சில் டென்னசியுடன் ஒரு ஆட்டம்; இரண்டு புள்ளி பின்தங்கி, ஒரு விநாடிச் சொச்சம் மீதி. கமிலா கார்டோசோ என்ற பிரேசில் பெண், ஆறு அடி ஏழு அங்குலம், கூடைக்கு அடியிலேயே நிற்கிறவர், கல்லூரி ஆட்டத்தில் அதுவரை ஒரு மூன்று புள்ளிகூட எடுத்திராதவர், கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. 74-73. அது கொஞ்சம் விலகியிருந்தால் 38க்கு 38 இல்லை. அப்போது இதே வாய்கள், எதிர்பார்ப்பு இல்லாததால் ஊக்கமும் இல்லை என்று விளக்கியிருக்கும். முன்னால் சொல்லும் ஜோசியம் பொய்த்தால் கேட்க ஆளுண்டு. நடந்தபின் சொல்லும் ஜோசியம் பொய்ப்பதே இல்லை.

இதனால் பட்டியலையே கிழித்துப் போடலாம் என்று சொல்ல வரவில்லை. அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டபின் அப்படிச் சொல்ல வாய் வராது. 1976இல் பிலடெல்ஃபியா இன்குவைரர் நாளிதழில் மெல் கிரீன்பெர்க் என்ற செய்தியாளர் ஆரம்பித்தது இது. அன்று இந்த அணிகள் எங்கே ஆடின, யார் ஜெயித்தார்கள் என்பதே பத்திரிகைகளுக்குத் தெரியாது. ஒவ்வொரு பயிற்சியாளரையும் தொலைபேசியில் பிடித்து வாக்குக் கேட்டு எழுதினார். கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கென்று ஒரு கூடைப்பந்துப் போட்டி நடத்தியதே 1982இல்தான். அதற்கு முன்பே, இப்படி இருபது அணிகள் இருக்கின்றன, இவர்களில் யார் மேல் என்று வாதாடலாம் என்று ஒருவர் அச்சில் காட்டிவிட்டார். எதிர்பார்க்கப்படுவது பாரம்தான். எதிர்பார்க்கவே படாமல் இருப்பது அதைவிடப் பெரிய பாரம், அதை நான் அறிவேன். பெண்ணுக்கு எதற்குத் தத்துவம், கல்யாணம் வரை பொழுதுபோக்கா என்று என் தலைமுறைக்குக் கேட்டுப் பழக்கம். நாங்கள் தோற்றால் யாருக்கும் ஏமாற்றம் இருந்திருக்காது. அதைச் சுதந்திரம் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. இங்கே டான் ஸ்டேலி பயிற்சியாளராக வந்த முதல் சீசனில், 2008-09இல், 10 வெற்றி, 18 தோல்வி. அந்த அணியை எண்ணி யாரும் தூக்கம் இழக்கவில்லை. அரங்கிலும் காலி இருக்கைகள்தாம்.

ஆகவே எதிர்பார்ப்பு வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு வழக்கில்லை. அது யாருடைய சொத்து என்பதில்தான் வழக்கு.

ஆட்டக்காரர்களுக்கு உபதேசம் நிறையக் கிடைக்கிறது. அடுத்த ஆட்டத்தை மட்டும் நினை, தரவரிசையைப் பார்க்காதே, பலனில் மனதை வைக்காதே. ஒவ்வொரு பயிற்சியாளரும் ஒரு குட்டி கிருஷ்ணன். ஆனால் கீதையை எடுத்துப் பாருங்கள், அது அர்ஜுனனிடம் தொடங்கவில்லை. அரண்மனையில் உட்கார்ந்து, களத்தில் தன் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் என்ன செய்தார்கள் என்று சஞ்சயனைக் கேட்கும் திருதராட்டிரனிடம் தொடங்குகிறது. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவன் கீதையில் பேசுவதே இல்லை. எழுநூறு சுலோகங்களும் அவன் காதில்தான் விழுகின்றன. கிருஷ்ணனின் உபதேசத்தில் ஒன்றுகூட அவனைப் பார்த்துச் சொல்லப்பட்டதல்ல. வில்லை எடுக்காதவன், அம்பு படாதவன், ஆனால் பலனில் அவனைவிடப் பற்று வைத்தவர் அந்தக் கதையில் யார்? பலனை விடு என்று அவனிடம் யாராவது சொல்ல வேண்டாமா?

மருமகனிடம் இதைச் சொன்னபோது உடனே மறுத்தார். 2021 முதல் இந்தப் பிள்ளைகள் தங்கள் பெயரையும் படத்தையும் விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்று விதி மாறிவிட்டதே, காசு வாங்கினால் எதிர்பார்ப்பையும் வாங்கத்தானே வேண்டும் என்றார். நல்ல கேள்விதான். காசு ஆட்டத்துக்கு என்றால் சரி, நன்றாக ஆடவில்லை என்று கேட்கலாம். ஆனால் 2025இல் நடந்தது என்ன? முந்தைய அக்டோபரில் மறுபடியும் முதலிடம், மறுபடியும் இறுதியாட்டம், கனெக்டிகட்டிடம் 82-59 என்று தோல்வி. நாட்டில் மற்ற எல்லா அணிகளும் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் ஆடியவர்களைப் பற்றி, இவர்களுக்கு என்ன ஆச்சு என்று கடை வரிசையில் கேட்டார்கள். அவர்கள் கேட்டது ஆட்டத்தையா? அக்டோபரில் தாங்களாக எழுதிக்கொண்ட பத்திரத்துக்கு, கையெழுத்தே போடாத பெண்களிடம் வசூல் கேட்டார்கள்.

அரங்கில் எனக்குப் பக்கத்து இருக்கை ஒரு முதிய கறுப்பினப் பெண்மணிக்கு. ஞாயிறு ஆட்டமென்றால் தேவாலயத்திலிருந்து தொப்பியோடு நேரே வருவார். கடைசி நிமிடங்களில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பார். வெற்றிக்காகவா வேண்டிக்கொள்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். முழங்கால்களுக்காக, என்றார். யாருக்கும் முழங்கால் போகக் கூடாது. எந்த முழங்கால் எப்போது போகும் என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது, அவர் கவலை அதில் இருந்தது. 1998 மார்ச் போட்டியில் முதல் தரம் பெற்ற ஸ்டான்ஃபோர்ட், பதினாறாம் தர ஹார்வர்டிடம் தன் சொந்த அரங்கிலேயே 71-67 என்று தோற்றதற்கு முன், இரண்டு முக்கியமான வீராங்கனைகள் முழங்கால் தசைநார் அறுந்து வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்மணிக்கு அந்த ஆட்டம் ஞாபகமிருந்தது.

நாளை கடற்போர் நடக்கும் என்று இன்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியம் இன்றே மெய்யா பொய்யா என்று அரிஸ்டாட்டில் ஒரு புதிர் போட்டார். அதை விளக்க வகுப்பில் நல்ல உதாரணம் கிடைக்காமல் திண்டாடியிருக்கிறேன். பிறகுதான் 2019-20 ஆரிகன் அணியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அந்த அணியின் சப்ரினா அயனெஸ்கு தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். பாதியில் விட்ட வேலை இருக்கிறது என்று கல்லூரிக்குத் திரும்பினார். அக்டோபரில் ஆரிகன் முதலிடம். நவம்பரில் அமெரிக்கத் தேசிய அணியையே வென்றார்கள். 2020 பிப்ரவரி 24 அன்று காலை கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட்டின் நினைவுக் கூட்டத்தில் பேசிவிட்டு, அதே இரவு ஸ்டான்ஃபோர்டுடன் ஆடி, 2,000 புள்ளி, 1,000 உதவி, 1,000 ரீபவுண்ட் மூன்றையும் எட்டிய முதல் கல்லூரி ஆட்டக்காரர் ஆனார் அயனெஸ்கு. ஆண், பெண் இரு தரப்பிலும் அதுவரை யாரும் எட்டாதது. 31 வெற்றி, 2 தோல்வி. மார்ச் 12 அன்று கொரோனாவால் போட்டியே ரத்து.

ஆரிகன் வெல்லும் என்று எழுதியவர்கள் சொன்னது மெய்யும் ஆகவில்லை, பொய்யும் ஆகவில்லை. யாரும் யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை. அந்த ஆண்டுக்குச் சாம்பியன் என்று ஒருவரும் கிடையாது. மார்ச் மாதக் கடைசிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஆரிகன்கூட அல்ல; அக்டோபரில் எட்டாமிடத்தில் தொடங்கி, ஒரே ஒரு ஆட்டம் தோற்று 32 வென்றிருந்த எங்கள் ஊர் அணி.

போட்டி நடந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று மருமகன் இன்னும் நண்பர்களோடு வாதாடுவார். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் என் பக்கம் திரும்பி, "அத்தை, நீங்க தத்துவம் எல்லாம் ஓரமா வைங்க. யாரு?" என்றார்.

"இதுல என்ன சந்தேகம்? நம்ம ஊருதான்" என்றேன்.