தீமையைக் குறைப்பதும் அறமா?

மது அருந்துதல் தீது என்பதை நம் அறநூல்கள் தெளிவாகக் கூறுகின்றன. திருவள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என்று தனி அதிகாரமே வகுத்தார். ஆனால் அத்தீமையை இன்றே விட இயலாத ஒருவனிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்வது என்பது வேறு கேள்வி. ‘முதலில் விட்டுவிடு, பிறகு உதவுகிறேன்’ என்பதா? ‘நீ விடும்வரை உன் உடலுக்கும் உயிருக்கும் நேரும் கேட்டையாவது குறைக்கிறேன்’ என்பதா? இரண்டாவது வழிக்கு ‘தீங்கு குறைப்பு’ என்று பெயர்.

2020-ஆம் ஆண்டில் நடந்தவை இக்கேள்வியின் கனத்தை உணர்த்துகின்றன. குடியைக் குறைக்கும் நோக்குடன் ஆந்திர அரசு அவ்வாண்டு மே மாதத்தில் மதுவின் விலையை 75 சதவிகிதம் உயர்த்தியது. ஜூலை இறுதியில் பிரகாசம் மாவட்டத்துக் குரிச்சேடு என்னும் ஊரில் ஊரடங்கால் மதுக்கடைகள் மூடியிருந்தன. அங்கே சானிடைசரைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த சில நாட்களில், அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி நகரிலும் அதே வகையில் சிலர் உயிரிழந்தனர். மேலே மதுவுக்கு இடமே இல்லாத திருமலை. அதன் அடிவாரத்தில் இந்த மரணங்கள். அரசின் நோக்கத்தில் குறை காண இயலாது. ஆயினும் கடையின் கதவை அடைத்ததனால் மனிதனுக்குள் இருந்த வேட்கை அடங்கிவிடவில்லை.

அப்படியானால் குடிப்பவனுக்கு மதுவையே கொடுத்துவிடலாமா? அதே ஆண்டு மார்ச் மாதத்தில் கேரள அரசு அவ்வாறுதான் எண்ணியது. ஊரடங்கில் மது கிடைக்காமல் சிலர் தற்கொலை செய்துகொள்ளவே, மருத்துவர் சீட்டின்பேரில் மது வழங்க ஆணையிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தனர், உயர்நீதிமன்றம் ஏப்ரல் 2 அன்று ஆணையை நிறுத்திவைத்தது. மதுவை நிறுத்துவதால் வரும் உபாதைக்கு முறையான மருந்துகள் இருக்கும்போது மதுவை எழுதிக் கொடுப்பது மருத்துவம் ஆகாது என்பதே அவர்கள் வாதம். அவ்வாதம் நியாயமானது. கேட்டதைக் கொடுப்பது தீங்கு குறைப்பு அன்று. கேட்டை உண்மையாகவே குறைப்பதுதான் தீங்கு குறைப்பு.

போதை ஊசி போட்டுக்கொள்வோர் விஷயத்தில் நம் நாடு இதனைச் செய்துவருகிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அவர்களுக்குத் தூய ஊசிகளை வழங்குகிறது. ஊசிக்கு மாற்றாக, கண்காணிப்பில் நாவின் அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரையையும் தருகிறது. ஒரே ஊசியைப் பலர் பகிர்வதால் பரவும் எச்.ஐ.வி. கிருமியை இது தடுக்கிறது. ‘இது போதைக்குத் துணைபோவதாகாதா?’ என்று கேட்கலாம். நாள்தோறும் அங்கு வருபவன் ஒரு மருத்துவரையும் ஒரு நல்ல சொல்லையும் எதிர்கொள்கிறான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருந்தும் வாய்ப்பு உயிரோடு இருப்பவனுக்கே உண்டு.

இன்னொரு அச்சமும் உண்டு. ‘குறைத்தால் போதும்’ என்பது, விற்பவருக்கு வசதியான சாக்காகிவிடலாம். 1992-இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் சாராயத்திற்கு எதிராக எழுந்த ஏழைப் பெண்களின் கண்ணீர் பொய்யன்று. அவர்களது போராட்டமே 1995-இல் ஆந்திரத்தில் முழு மதுவிலக்கு வரக் காரணமாயிற்று. 1997-இல் அது தளர்த்தப்பட்டது. ஆகவே ஒரு சலுகையைச் சீர்தூக்கும்போது நாம் கேட்க வேண்டியது இதுவே: இதனால் குறைவது துன்புறுபவனின் துன்பமா, அல்லது வளர்வது விற்பவனின் வருவாயா?

நம் வாழ்விலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சித்தூர்ப் பகுதியிலும் தமிழகத்திலும், ஆண்டு முழுதும் குடிப்பவர் ஐயப்பனுக்கு மாலையணிந்து ஒரு மண்டலம் மதுவைத் தொடாதிருப்பதைக் காண்கிறோம். விரதம் முடிந்ததும் மீண்டும் குடித்தால் ஊர் சிரிக்கிறது. ஆனால் அந்த நாட்களில் அவரது ஈரலுக்கு ஓய்வு கிடைத்தது. மனைவிக்கு அமைதி கிடைத்தது. ‘என்னால் முடியும்’ என்று அவரே அறிந்தார். இவை வீணாகா. அதே சமயம், நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே அத்தகையோர் விரதம் ஏற்குமுன் மருத்துவரைக் காண வேண்டும். இதைச் சொல்வது பக்தியில் குறை சொல்வதாகாது.

கள்ளுண்ணாமையைப் பாடிய வள்ளுவரே ‘அருளுடைமை’ என்னும் அதிகாரத்தையும் அருளினார். முன்னது நாம் நமக்கு விதித்துக்கொள்ள வேண்டிய நெறி. பின்னது பிறரிடம் நாம் காட்ட வேண்டிய இயல்பு. இவற்றை இடம் மாற்றி, நமக்கு அருளையும் பிறருக்கு விதியையும் வைத்துக்கொள்வதே நம் வழக்கமாக இருக்கிறது. முழு விடுதலையே இலக்கு; அதில் ஐயமில்லை. ஆனால் மலையுச்சியை நோக்கி ஏறுபவன் முதற்படியிலேயே தடுமாறினால், உச்சியைச் சுட்டிக்காட்டிக் கடிந்துகொள்வதால் பயனில்லை. கீழே இறங்கிச் சென்று அவன் கையைப் பற்றுவோம். அடுத்த படியை அவனே ஏறட்டும்.