படித்தர உண்மையும் தீர்மானத்தின் பொறுப்பும்

ஒரு செயலில் இறங்குவதற்கு முன் அதைப் பற்றிய அறிவு ஐயத்துக்கு இடமின்றி முடிந்திருக்க வேண்டுமா என்பது இந்திய மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. பிரம்மசூத்திரத்துக்கு ஆதிசங்கரர் எழுதிய பாடியத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், சமணரின் சியாத்வாதம் மறுக்கப்படும் இடத்தில், இவ்வினா மிகக் கூர்மையாக எழுகிறது. ஒரு பொருள் ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் சொல்லொணாதது என்று தொடங்கி ஏழு பாங்குகளாக விரியும் அக்கோட்பாட்டை எதிர்கொள்ளும் சங்கரர், உண்மையும் இன்மையும் ஒரே பொருளில் ஒருங்கே பொருந்தா என்று மறுப்பதோடு நிற்கவில்லை. அறிவே நிச்சயமற்றதானால் அதை நம்பி எவரும் எந்தச் செயலிலும் இறங்க மாட்டார் என்ற இன்னொரு தடையையும் எழுப்புகிறார். தமிழில் அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் 'உண்டு, இல்லை' என்னும் இதே அத்திநாத்தி வாதத்தை எடுத்துக்கொண்டு மறுக்கிறார். சங்கரரின் முதல் தடை தருக்க நூலோர் காலங்காலமாக வாதிட்டு வரும் ஒன்று. இரண்டாவது தடையோ வாழ்க்கை முழுவதையும் தொடுவது, ஏனெனில் மனிதர் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை அரைகுறையாகத் தெரிந்தவற்றை வைத்தே எடுக்கப்படுகின்றன. இத்தடைக்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சங்கரரையோ சமணரையோ மனத்தில் கொள்ளாத பொறியியலாளர் சிலர், செயல்முறையிலேயே ஒரு விடையைக் கட்டிக் காட்டினர். அந்த விடை எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்க்காமல் மனிதர் தலையிலேயே விட்டுவைக்கிறது என்பது ஆராயத்தக்கது.

பாக்குவில் பிறந்து டெஹ்ரானில் பயின்று அமெரிக்காவில் பணியாற்றிய லோட்ஃபி ஸாதே, 1965இல் வெளியிட்ட கட்டுரையில் ஃபஸி கணம் என்ற கருத்தை முன்வைத்தார். வழக்கமான கணிதத்தில் ஒரு பொருள் ஒரு கணத்தின் உறுப்பாக இருக்கும் அல்லது இராது. இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. ஸாதேயின் கணத்திலோ ஒவ்வொரு பொருளுக்கும் 0 முதல் 1 வரை ஓர் உறுப்புத்தரம் உண்டு: 'உயரமானவர்' என்ற கணத்தில் ஒருவர் 0.8 அளவுக்கும், அவரினும் சற்றுக் குட்டையானவர் 0.6 அளவுக்கும் உறுப்பினராகலாம். கிரேக்கத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் யூபுலிடீஸ் எழுப்பியதாகச் சொல்லப்படும் குவியல் புதிர், அதாவது ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே போனால் தானியக் குவியல் எந்த மணியோடு குவியலாக இராமல் போகிறது என்ற புதிர், இம்முறையில் தன் கொடுக்கை இழக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் குவியல்தன்மை சிறிது சிறிதாகக் குறைகிறது என்று சொல்லிவிட முடிகிறது.

இத்தரத்தை நிகழ்தகவோடு குழப்பிக்கொள்வது பலருக்கும் நேர்வது. நாளை மழை பெய்ய நிகழ்தகவு 0.7 என்றால், நாளை முடிந்ததும் அந்த எண் ஒன்றாகவோ பூச்சியமாகவோ ஆகிவிடும். பெய்துகொண்டிருக்கும் மழை 0.7 அளவுக்குக் கனமழை என்றால், மழையைப் பற்றி அறிய வேண்டியது எல்லாம் அறிந்த பிறகும் அந்த எண் அப்படியே நிற்கும். முன்னது அறியாமையின் அளவு, பின்னது பொருளின் இயல்பைப் பற்றிய கூற்று. இதே கவனம் சியாத்வாதத்தைப் பற்றியும் தேவை. பார்ட் கோஸ்கோ 1993இல் எழுதிய நூலில் ஃபஸி சிந்தனையைப் புத்தரின் பக்கமும் இருமைத் தருக்கத்தை அரிஸ்டாட்டிலின் பக்கமும் நிறுத்தினார். அதன் பின் சமணரின் ஏழு பாங்குகளையும் ஃபஸி தருக்கத்தின் முன்னோடி என்று சொல்வது எளிதாகிவிட்டது. ஆனால் சமணர் சொல்வது நோக்குநிலையைப் பற்றியது: குடம் மண் என்ற வகையில் நிலையானது, குடம் என்ற வடிவ வகையில் நிலையற்றது, இவ்விரு கூற்றும் தத்தம் நோக்கில் முழுமையாகவே உண்மை. அங்கே 0.6 உண்மை என்பதற்கு இடமே இல்லை. ஒன்றை மற்றொன்றின் பழைய வடிவம் என்று கொண்டாடுவது இரண்டுக்குமே நியாயம் செய்யாது.

சங்கரரின் தடைக்கு விடை கிடைத்த இடம் நூலகம் அன்று, ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு சிறு நீராவி எந்திரம். லண்டன் குயீன் மேரி கல்லூரியில் எப்ராஹிம் மம்தானியும் அவருடைய மாணவர் அஸிலியனும், எந்திரத்தை இயக்கத் தெரிந்த ஒருவர் பேச்சுவழக்கில் சொல்லக்கூடிய விதிகளையே, 'அழுத்தம் சற்று அதிகமாக இருந்து அது மெல்லக் கூடிக்கொண்டும் போனால் வெப்பத்தைக் கொஞ்சம் குறை' என்பன போன்ற விதிகளையே, ஃபஸி கணங்களாக எழுதி எந்திரத்தைக் கட்டுப்படுத்தினர். 1970களின் நடுவில் வெளிவந்த அந்த ஆய்வைத் தொடர்ந்து, ஹிட்டாச்சி நிறுவனத்தின் யசுனொபுவும் மியாமொட்டோவும் வகுத்த முறையில், ஜப்பானின் சென்டாய் நகர நிலத்தடி ரயில் 1987இல் ஓடத் தொடங்கியது. பாதுகாப்பு, பயணிகளின் சௌகரியம், குறித்த இடத்தில் நிற்றல், மின்சிக்கனம் என்று ஒன்றோடொன்று முரணும் நோக்கங்கள் ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு நிறைவேறும் என்பதை, கொடுக்கக்கூடிய ஒவ்வொரு கட்டளைக்கும் முன்கூட்டியே மதிப்பிட்டு, அவற்றுள் சிறந்ததை அம்முறை தேர்ந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் அறிவு முழுவதும் 'ஓரளவு', 'சற்று', 'பெரும்பாலும்' என்றே இருக்க, வெளியே வரும் கட்டளை மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத ஒற்றைக் கட்டளை. மம்தானியின் முறையில் பல விதிகளின் பகுதி முடிவுகளை ஒன்றாக்கி ஒரே எண்ணாகத் திரட்டும் இறுதிப் படியே இவ்வேலையைச் செய்கிறது. நிச்சயமற்ற அறிவிலிருந்து நிச்சயமான செயல் பிறக்க முடியும் என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. சங்கரரின் இரண்டாவது தடை, அவர் எழுப்பிய பொது வடிவில், நிற்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் தடை நீங்கிய இடத்தில் வேறொரு வினா எழுகிறது. ஒருவர் 0.8 அளவுக்கு உயரமானவர் என்று சொன்னவர் யார்? 0.79 என்று ஏன் சொல்லவில்லை? தெளிவற்ற எல்லையை மதிக்கப் புறப்பட்ட முறை, அந்த எல்லையின் ஒவ்வொரு புள்ளிக்கும் மிகத் துல்லியமான எண்ணைக் கேட்கிறது. ஸாதே இதை உணர்ந்தே, தரங்களும் ஃபஸியாகவே இருக்கும் இரண்டாம் வகைக் கணங்களை 1975இல் முன்வைத்தார். எனினும் அங்கும் ஒரு மட்டத்துக்கு மேலே யாரோ ஒருவர் தரங்களைக் காட்டும் வளைகோட்டை வரைந்தே தீர வேண்டும். இதை முறையின் தோல்வி என்று கொள்வது தவறு. வறுமைக்கோடு, வயது வரம்பு, தேர்ச்சி மதிப்பெண் என்று அரசுகளும் நிறுவனங்களும் நாள்தோறும் கோடுகளைக் கிழிக்கின்றன. கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும் நிற்போரிடையே உள்ள வேறுபாடு எவ்வளவு அற்பம் என்பதை அக்கோடு மறைத்துவிடுகிறது. வளைகோட்டை வரைய நேரும்போது மறைக்கப்பட்டிருந்த மதிப்பீடு எழுத்தில் வந்தாக வேண்டும். எழுதிய பிறகு அதைக் காட்டி வாதிடலாம். ஃபஸி முறையின் அறவியல் சிறப்பு இதுவே.

எழுத்தில் வரும் மதிப்பீடுகளுள் மிகக் கனமானது, பலர் கணித நுட்பம் என்று எண்ணிக் கடந்துபோகும் ஒன்று. 1970இல் ரிச்சர்ட் பெல்மனும் ஸாதேயும் இணைந்து எழுதிய கட்டுரையில், தீர்மானம் என்பதற்கு ஓர் இலக்கணம் வகுக்கப்பட்டது. அடைய விரும்பும் நோக்கங்களும் மீறக் கூடாத கட்டுப்பாடுகளும் அதில் ஒரே வகையான ஃபஸி கணங்களாகவே கொள்ளப்படுகின்றன. அவை அனைத்தும் சந்திக்கும் பகுதியே தீர்மானம். அப்பகுதியில் மிக உயர்ந்த தரம் பெறும் தெரிவே சிறந்த தெரிவு. சந்திப்பை, அதாவது 'இதுவும் அதுவும்' என்ற இணைப்பை, எப்படிக் கணக்கிடுவது? தரங்களுள் மிகச் சிறியதை எடுத்துக்கொள்வது அவர்கள் முதன்மையாகக் கையாண்ட வழி. ஒரு பாசனத் திட்டத்துக்கு இரண்டு வரைவுகள் இருப்பதாகக் கொண்டால், முதல் வரைவு சிக்கனத்தில் 0.9, உறுதியில் 0.9, கடைமடைக்கு நீர் சேர்ப்பதில் 0.3 பெறட்டும், இரண்டாவது வரைவு அதே வரிசையில் 0.5, 0.6, 0.5 பெறட்டும். மிகச் சிறியதை எடுத்தால் முதலாவதுக்கு 0.3, இரண்டாவதுக்கு 0.5, எனவே இரண்டாவது வெல்கிறது. சராசரியை எடுத்தால் முதலாவதுக்கு 0.7, இரண்டாவதுக்கு ஏறத்தாழ 0.53, வெற்றி முதலாவதுக்கு. தரங்களைப் பெருக்கினாலும் முதலாவதே வெல்கிறது. தரவுகள் மாறவில்லை, வளைகோடுகள் மாறவில்லை. 'உம்' என்ற இணைப்புக்குக் கொடுத்த பொருள் மட்டும் மாறியது, கடைமடை உழவரின் கதியும் அதோடு மாறியது.

பெல்மனும் ஸாதேயும் எழுதிய கட்டுரைக்கு அடுத்த ஆண்டில், 1971இல், ஜான் ரால்ஸ் நீதி பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். ஒரு சமூக ஏற்பாட்டில் ஏற்றத்தாழ்வுகள் இருக்குமானால் அவை மிகத் தாழ்ந்த நிலையில் இருப்போருக்கு இயன்ற அளவு மிகுந்த நன்மை தருவனவாக இருத்தல் வேண்டும் என்பது அந்நூலின் கொள்கைகளுள் ஒன்று. மொத்த நலனையோ சராசரி நலனையோ கூட்டிப் பார்க்கும் பயன்பாட்டுவாதத்துக்கு அது மறுப்பு. ரால்ஸ் மனிதரை ஒப்பிட்டார், பெல்மனும் ஸாதேயும் நோக்கங்களை ஒப்பிட்டனர் என்ற வேறுபாடு பெரிது. ஆயினும் நோக்கம் ஒவ்வொன்றும் ஒரு சாராரின் நலனைக் குறிக்கும்படி திட்டம் வரையப்படும்போது இரண்டும் ஒரே வடிவம் கொள்கின்றன. மிகச் சிறியதை எடுக்கும் கணக்கில் ஒருவர் இழப்பை இன்னொருவர் ஆதாயத்தால் ஈடுகட்ட முடியாது, சராசரியில் முடியும். ஜெர்மனியின் ஜிம்மர்மனும் ஜிஸ்னோவும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் தம் தீர்ப்புகளில் கையாளும் 'உம்' இவ்விரு முனைகளிலும் நில்லாமல் ஓரளவு ஈடுகட்டலை அனுமதிப்பதாகக் கண்டனர். மனிதர் அப்படிச் செய்கின்றனர் என்பது அப்படிச் செய்வதே நியாயம் என்பதற்குச் சான்றாகாது. மென்பொருளின் பட்டியலில் ஒரு தெரிவாக இருக்கும் அக்கணக்கு உண்மையில் அறநூலின் பக்கம் என்பதை உணராமல் அதைத் தெரிவு செய்பவர், அறியாமலே ஒரு நீதிக் கொள்கையை நிலைநாட்டிவிடுகிறார்.

மதிப்பீடு முடிந்தபின் தேடல் தொடங்குகிறது. தெரிவுகள் கோடிக்கணக்கில் இருக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்க்க இயலாது என்பதால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலண்ட் 1975இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த ஜெனடிக் அல்காரிதம் என்னும் மரபணு நெறிமுறை கைகொடுக்கிறது. ஒவ்வொரு தெரிவும் ஒரு குறியீட்டுச் சரமாக எழுதப்படுகிறது. தகுதி மிக்க சரங்கள் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இரண்டு சரங்களின் பகுதிகள் குறுக்கேற்றத்தால் மாற்றிக் கோக்கப்பட்டு, அரிதாகச் சடுதிமாற்றம் நிகழ்த்தப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் மேம்படுகிறது. இதை டார்வினின் இயற்கைத் தேர்வின் கணினி வடிவம் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே. இயற்கையில் தகுதி என்பது பிழைத்துப் பெருகியதன் பிறகு தெரியவருவது. எதை நோக்கிப் பெருக வேண்டும் என்று எவரும் முன்பே எழுதிவைக்கவில்லை. மரபணு நெறிமுறையிலோ, ஒவ்வொரு சரத்தின் தகுதியையும் அளக்கும் தகுதிச் சார்பு முதல் தலைமுறைக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே இது டார்வின் 1859ஆம் ஆண்டு நூலின் முதல் அத்தியாயத்தில் பேசிய புறா வளர்ப்போரின் செயற்கைத் தேர்வுக்கே மிக நெருங்கியது: வழி குருட்டுத்தனமானது, இலக்கு வளர்ப்பவருடையது.

இலக்கை எழுதியவர் எழுதியதையே நெறிமுறை தேடும். அவர் நினைத்ததைத் தேடாது. கார்ல் சிம்ஸ் 1994இல் கணினிக்குள் மெய்ந்நிகர் உயிரிகளைப் பரிணமிக்கச் செய்தபோது, வேகமாக நகர்வதற்குப் பரிசளித்தால் நடக்கக் கற்காமல் வெறுமனே சரிந்து விழுந்தே வேகத்தைப் பெற்றுவிட முடியும் என்பதால், அதைத் தடுக்கத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. அங்கே நெறிமுறையிடம் குற்றமில்லை. வேகம் என்று எழுதிவிட்டு நடை என்று எண்ணியதே குறை. சைவ சித்தாந்தம் காரணங்களை மூன்றாகப் பகுத்து, குடத்துக்கு மண்ணை முதற்காரணம் என்றும், தண்டையும் சக்கரத்தையும் துணைக்காரணம் என்றும், குயவரை நிமித்த காரணம் என்றும் கூறும். மரபணு நெறிமுறை எவ்வளவு வியக்கத்தக்க வடிவங்களைக் கொணர்ந்தாலும், 2006இல் நாசா விண்ணில் செலுத்திய எஸ்டி5 செயற்கைக்கோள்களில் மனித வடிவமைப்பாளர் எவரும் எண்ணியிராத கோணல்மாணலான ஆன்டெனாவையே தந்திருந்தாலும், அது சக்கரத்தின் இடத்திலேயே நிற்கிறது. 'கணினி முடிவு செய்தது' என்று ஓர் அலுவலகம் சொல்லும்போது நிமித்த காரணத்தைத் துணைக்காரணத்தின் பின்னே ஒளித்துவைக்கிறது. முடிவு எடுக்கப்பட்டது தகுதிச் சார்பு எழுதப்பட்ட நாளில்.

இந்த ஒளிவுக்கு ஓரளவேனும் மாற்றாக அமைந்தது, பல நோக்கங்களை ஒரே எண்ணாகச் சுருக்காமல் தேடும் வழி. ஐஐடி கான்பூரில் கல்யாண்மய் தேப் தம் உடனாய்வாளர்களுடன் உருவாக்கி 2002இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 என்ற நெறிமுறை, ஒரே விடையைத் தருவதில்லை. எந்த ஒரு நோக்கத்திலும் இன்னொன்றைக் கெடுக்காமல் மேலும் முன்னேற முடியாத தெரிவுகளின் முழு எல்லையை, பரேட்டோ எல்லை எனப்படுவதை, வரைந்து காட்ட முயல்கிறது. சிக்கனத்துக்கும் கடைமடைக்கும் இடையே எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற வினா அங்கே மூடி மறைக்கப்படாமல் திட்டக் குழுவின் மேசைமேல் வைக்கப்படுகிறது. எனினும் அந்த எல்லை, நோக்கமாக எழுதப்பட்டவற்றை மட்டுமே அறியும். ஆற்றின் மீன்களையோ, நிலமற்ற கூலித் தொழிலாளரையோ ஒரு நோக்கமாக எவரும் சேர்க்காவிட்டால், அவர்கள் இழப்பது அப்படத்தில் எந்தப் புள்ளியாகவும் தோன்றாது. எல்லாரையும் சேர்த்துவிடலாம் என்றால் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: நோக்கங்கள் இரண்டு மூன்றுக்கு மேல் பெருகப் பெருக, ஏறக்குறைய எல்லாத் தெரிவுகளும் ஏதேனும் ஒரு நோக்கத்தில் மற்றவற்றை விஞ்சி நின்று, எதையும் எதைவிடவும் தாழ்ந்தது என்று விலக்க முடியாமல் போய், தேடலே திசை இழக்கிறது. இதைச் சமாளிக்க 2014இல் தேபும் ஜெயினும் வகுத்த என்எஸ்ஜிஏ-3, தேடலுக்கு வழிகாட்டும் மேற்கோள் புள்ளிகளை முன்கூட்டியே கேட்கிறது. அவற்றை எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்புவதா, சில திசைகளில் செறிவாக வைப்பதா என்பதைத் திட்டமிடுபவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.